அட்டையில் இல்லாத வரிசை

"இதுல என் வீடு எங்கக்கா?"

தையலக்கா நிமிரவில்லை. சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். காலர் வைக்கும்போது கண்ணை எடுத்தால் கழுத்து கோணிக்கொள்ளும். அப்புறம் சட்டைக்காரர் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். அந்தக் குடியிருப்பில் சின்னது பெரிசு எல்லாருக்குமே அவள் தையலக்காதான். ஆனால் கூடப் பிறந்த உரிமையோடு அக்கா என்று கூப்பிடக்கூடியவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி, சின்னவள், கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த வீடு? முதல்ல உட்காரு."

"உட்கார வரல." சின்னவள் பளபளவென்று இருந்த ஒரு பெரிய தாளை விரித்துத் தையல் மிஷின் மேலேயே போட்டாள். காலரும் ஊசியும் அதன் அடியில் போய்விட்டன. "ஆபீஸ் மேல் மாடி ஹால்ல கட்டுக்கட்டா வச்சிருக்காங்க. பெருக்கும்போது ஒண்ணை உருவிட்டு வந்தேன்."

சின்னவளுக்கு நகரமைப்பு அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை. விடியும்போது போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அந்த அலுவலகத்தில் எந்த அறையில் எந்த ஃபைல் தூங்குகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஃபைலுக்குள் இருப்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

தாளில் ஒரு புகைப்படம். அட்டையாலும் தீக்குச்சியாலும் செய்த குட்டிக் குடியிருப்பு. அதைப் பார்த்ததும் தையலக்காவுக்கு முதலில் வந்தது பெருமைதான், பாவம். அவள் கையால் செய்தது அல்லவா? நடுவில் ஓடும் கால்வாய், அவள் கடையில் மிஞ்சிய நீல லைனிங் துணி. கரையில் புல்வெளி, யாரோ ஒருத்தியின் பழைய பச்சை ரவிக்கை. அட்டை வீடுகள் ஒழுங்காகக் கைகட்டி நிற்கிற பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'குடியிருப்பு மக்களே கண்ட கனவு. ஆக்கிரமிப்பு இல்லாத கால்வாய்க்கரை.'

ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையைத் தையலக்கா ஜென்மத்தில் வாயால் சொன்னதில்லை. கரை வரிசை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கால்வாயை ஒட்டி, தகரமும் பலகையுமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற வீடுகள். அதில் நடுவில் இருக்கிற நீலக் கதவு வீடு சின்னவளுடையது.

"பச்சைத்துணி இருக்கு. மரம் இருக்கு. உட்கார பெஞ்சு கூட இருக்கு," என்றாள் சின்னவள். "என் வீடு எங்க?"

தையலக்கா தாளுக்கடியில் காலரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். ஏனென்றால் வீடு எங்கே போனது என்பது அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆராய்ச்சி செய்ய வந்தது. ஆராய்ச்சி என்றால் அந்தக் குடியிருப்புக்குப் புதிது இல்லை. கொசுவைப் பற்றி ஒரு கூட்டம் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது, குப்பையைப் பற்றி ஒரு கூட்டம், பெண்களின் மன உளைச்சலைப் பற்றி ஒரு கூட்டம். எல்லாரும் கேட்டார்கள், எழுதினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். கொசுவும் குப்பையும் உளைச்சலும் அப்படியேதான் இருந்தன. ஆனால் இந்த முறை வந்தவர்கள் வேறு ரகம் என்றார்கள். பல நாட்டு நகரங்களில் ஒரே சமயத்தில் நடக்கிற ஆராய்ச்சியாம். சட்டம் போடுகிறவர்களையும் அதற்குக் கீழே வாழ்கிறவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுவதுதான் அவர்கள் முறையாம்.

தலைவி ஒரு பேராசிரியை. வெயிலோ மழையோ, மூடிய அறைக்குள்ளோ கூட, கையில் ஒரு குடையைப் பிடித்தபடியே இருப்பாள். அதனால் குடையம்மா. அவள் பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அவளுக்கும் மாற்றிச் சொல்ல ஓர் இளம்பெண் கூடவே வந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கு நடுவில் உட்காருவாள் என்பதால் அவள் நடுப்பொண்ணு. நகரமைப்பு அலுவலகத்தின் துணை இயக்குநரும் கூட்டங்களுக்கு வந்துபோவார். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும், ஆகட்டும்' என்பார். அவர் பெயர் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் முற்பகல் நேரங்களில் கூட்டம் நடந்தது. முற்பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் வந்தார்கள். கரை வரிசைக்காரர்கள் அந்த நேரத்தில் யாருடைய வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டோ, யாருடைய கட்டடத்துக்கோ கல் சுமந்துகொண்டோ இருப்பார்கள். சின்னவள் ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள்: "நான் எங்க வர்றது? அதான் நீ இருக்கியே, பார்த்துக்க." தையலக்காவும் தலையை ஆட்டினாள்.

கடைசிக் கூட்டத்தில், உங்கள் ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அப்படியே அட்டையில் செய்யுங்கள் என்றாள் குடையம்மா. பசை, கத்தரிக்கோல், கலர் தாள் எல்லாம் மேசையில் கொட்டிக்கிடந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். முதலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடிதான் செய்தார்கள். கரை வரிசையும் இருந்தது. தீப்பெட்டிகளை நெருக்கமாக ஒட்டியிருந்தார்கள். அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. நாளைக்கு மேலதிகாரிகள் எல்லாம் இதைப் பார்ப்பார்கள், வெளிநாட்டுக்கெல்லாம் படம் போகும் என்று நடுப்பொண்ணு சொன்னாள்.

அவ்வளவுதான். வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் என்ன செய்வோமோ அதைச் செய்தார்கள். குப்பைமேடு போயிற்று. பொதுக் கழிப்பறை போயிற்று. கயிற்றில் காயும் துணியெல்லாம் போயிற்று. "இந்தக் கரைப்பக்கம் ரொம்ப அசிங்கமா தெரியுதுடி" என்று ஒருத்தி சொன்னாள். தையலக்காதான் நகத்தால் நெம்பித் தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். அந்த இடத்தில் பச்சைத்துணியை இழுத்து ஒட்டினாள், மடிப்பு விழாமல், தொழில் சுத்தமாக. குடையம்மா அந்தப் பச்சையைக் காட்டி என்னவோ கேட்டாள். "பச்சையா இருந்தா நல்லாதானேம்மா இருக்கும்?" என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவரான குழாய்க்காரர். எல்லாரும் நல்லாத்தான் இருக்கும் என்றார்கள்.

இதையெல்லாம் சின்னவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னாள். மறைத்துப் பேசுகிற பழக்கம் தையலக்காவுக்கு இல்லை.

சின்னவள் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு, "என் வீடு உனக்கு அசிங்கமா இருந்துச்சாக்கா?" என்றாள்.

"வந்தவங்க முன்னாடி..."

"நல்லா பார்த்துக்கிட்டே." சின்னவள் தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு அந்தக் காலர் கோணல்மாணலாகத்தான் விழுந்தது. தையலக்காவுக்கு முதலில் அழுகை வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபம் பாதி. மீதிப் பாதிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

ஆள் தானாகவே வந்து மாட்டினாள். மறுநாள் நடுப்பொண்ணு அழைப்பிதழோடு கடைக்கு வந்தாள். நகரமைப்பு அலுவலக மேல் மாடி ஹாலில் நிறைவுக் கூட்டம். தையலக்கா மேடையில் உட்கார வேண்டும், மக்கள் பிரதிநிதியாக. பேச வேண்டியதைக்கூட அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள்: இந்த ஆராய்ச்சியால் எங்கள் குரல் மேலே எட்டியது, எல்லாருக்கும் நன்றி.

தையலக்கா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பளபளத் தாளை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இதை யாரும்மா எழுதினது?"

நடுப்பொண்ணு படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "எங்க ரிப்போர்ட்ல ஆக்கிரமிப்புன்னு வார்த்தையே இல்லக்கா. கரை பசுமையா இருக்கணும்னு மக்கள் விரும்புறாங்கன்னுதான் இருக்கு. இது ஆபீஸ்ல போட்டது."

"நீங்க ரவிக்கைத் துணி கொடுத்தீங்க, அவங்க அதை இஷ்டத்துக்குத் தச்சுக்கிட்டாங்க. அப்படித்தானே?"

 நல்ல பெண்தான், பொய் சொல்லத் தெரியாது. தையலக்கா துருவித் துருவிக் கேட்டதில் மற்றதெல்லாம் வெளியே வந்தது. கரையில் நடைபாதையும் பூங்காவும் போடவேண்டும் என்று அலுவலகத்துக்கு வெகுகால ஆசை. ஆளைக் கிளப்பினால் ஊர் கூடிக் கூச்சல் போடுமே என்றுதான் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஊரே கேட்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தமாதிரி. உள் தெருக்களுக்கு மழைநீர் வடிகால், கரைக்குப் பூங்கா, இரண்டும் ஒரே திட்டம், ஒரே கையெழுத்து.

"என் தங்கச்சி வீடு எப்ப போகும்?"

"முதல்ல நிறைவுக் கூட்டத்துல மக்கள் ஏத்துக்கணும். கை தூக்கி. அது எங்க விதி. நீங்க ஏத்துக்கலைன்னா ரிப்போர்ட்டை மேல அனுப்ப முடியாது."

"ஏத்துக்காம இருந்திருக்காங்களா யாராவது?"

நடுப்பொண்ணு யோசித்தாள். "நான் பார்த்த எந்த ஊர்லயும் இல்லக்கா."

தையலக்கா எழுதிக் கொடுத்த பேச்சை நாலாக மடித்தாள். மிஷின் ஆடாமல் இருக்க அதன் கால் ஒன்றுக்கு அடியில் செருகினாள்.

சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் அவள் கடைக்கு வந்தார்கள். கடை என்றால் எத்தனை பேர் பிடிக்கும்? பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். கை தூக்கக்கூடாது என்று தையலக்கா சொன்னதும் குழாய்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற மனிதர். அவர் வீட்டில்தான் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நிற்கும்.

"வடிகால் வரப்போற நேரத்துல கெடுத்து வைக்காதே, தையலக்கா. நாம அலையாத ஆபீஸ் உண்டா? இப்பத்தான் கனிஞ்சிருக்கு."

"வடிகால் வேணாம்னு நான் சொல்லலியே."

"ரெண்டும் ஒரே திட்டம்ங்கறாங்க. ஒண்ணு போனா ரெண்டும் போயிடும். உன் கடைக்குள்ளதானே போன மழைக்குத் தண்ணி வந்து துணியெல்லாம் ஊறிச்சு? மறந்துட்டியா?"

"மறக்கல."

"கரைக்காரங்களுக்கு வேற இடம் தருவாங்க."

"எங்க?"

குழாய்க்காரர் கையை வடக்கே காட்டினார். பிறகு மேற்கே காட்டினார். அவருக்கும் தெரியாது. தெருவில் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"அண்ணே, தண்ணி வந்தா பக்கெட்டை எடுத்து இறைச்சுக்கலாம்," என்றாள் தையலக்கா. "என் தங்கச்சி வீடு போச்சுன்னா எதை எடுத்து இறைக்கிறது?"

"எல்லாம் சரி. செஞ்சது நாமதானே? நம்ம கையாலதானே ஒட்டினோம்? இப்ப மாத்திப் பேசினா நம்மளை என்னன்னு நினைப்பாங்க?"

"என்னமோ நினைச்சுட்டுப் போகட்டும். அவங்க நல்லா நினைக்கணும்னுதானே வீட்டைப் பிடுங்கிப்போட்டோம்? அந்த நல்ல பேரை வச்சு என்ன பண்றது, அண்ணே, நாக்கு வழிக்கவா?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமுடியாது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். வடிகால் இல்லாமல் போனால் தையலக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து சாக்கடையைக் கொட்டுவேன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டே போனார். குழாய்க்காரர், "எனக்குத் தலை வெடிக்குது" என்றார். அவர் எந்தப் பக்கம் என்று அவருக்கே விளங்கவில்லை. தையலக்கா கரை வரிசைக்குப் போனாள். நீலக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"கூட்டத்துக்கு வா," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "வரிசையில இருக்கற எல்லாரையும் கூட்டிட்டு வா. திட்டறதா இருந்தாலும் அங்க வந்து திட்டு."

நிறைவுக் கூட்டத்தன்று மேல் மாடி ஹால் ஜே ஜே என்று இருந்தது. குளிரூட்டியின் குளிரில் காது சில்லிட்டது. மேடையில் குடையம்மா, ஆகட்டும், இன்னும் சில கோட்டுக்காரர்கள். தையலக்காவுக்கு ஓரத்தில் ஒரு மெத்தை நாற்காலி. அதன் முன்னால் 'மக்கள் பிரதிநிதி' என்று அட்டை. மேடைக்குக் கீழே மேசையில் அந்தக் குட்டிக் குடியிருப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சாமான் பத்திரமாக இருந்தது. முன்வரிசைகளில் அதிகாரிகளும் வெளிநாட்டு ஆட்களும். அவர்களுக்குப் பின்னால் குடியிருப்புக்காரர்கள்.

கரை வரிசைக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை, ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை. நாற்காலிகள் தீர்ந்துபோயிருந்ததால் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். சின்னவள் கதவுப் பக்கம் நின்றாள். அக்காவைப் பார்த்தாள், ஆனால் முகத்தைச் சுழித்துக்கொண்டாள். வந்துவிட்டாளே, அதுபோதும் என்றிருந்தது தையலக்காவுக்கு.

பேச்சுகள் நடந்தன. ஆகட்டும் மைக்கைப் பிடித்து, மக்களும் அரசும் ஆராய்ச்சியும் கைகோத்த வரலாறு என்றெல்லாம் அடித்துவிட்டார். கைதட்டல். அடுத்து மக்கள் பிரதிநிதி.

தையலக்கா மைக்குக்குப் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள்.  பயம்தான். அதற்காகக் கால் நிற்கவில்லை.

"இதைச் செஞ்சது நாங்க," என்றாள். குரல் சின்னதாக வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது பொய்."

 நடுப்பொண்ணு குடையம்மாவின் காதில் சொன்னாள். குடையம்மா ஏதோ திருப்பிக் கேட்டாள்.

"பொய்யின்னா என்ன அர்த்தம்னு மேடம் கேக்கறாங்க," என்றாள் நடுப்பொண்ணு.

"சொல்றேன். அப்படியே சொல்லு, மாத்தாதே. வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? கொடியில தொங்கற உள்பாவாடையை எடுத்து உள்ள போட்டுட்டுத்தான் வாங்க உட்காருங்கன்னு சொல்லுவோம். எடுத்து வச்சோம்ங்கறதுக்காக அந்தப் பாவாடை எங்களுக்கு வேணாம்னு அர்த்தமா? விருந்தாளியே அதைத் தூக்கிட்டுப் போய் எரிச்சிடுவாங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுப்பொண்ணு குடையம்மாவிடம் சுருக்கமாக எதையோ சொன்னாள்.

"உள்பாவாடைன்னு சொன்னியா?"

"துணின்னு சொன்னேன்க்கா."

"துணி இல்ல. உள்பாவாடைன்னு சொல்லு."

நடுப்பொண்ணு காது சிவக்கச் சொன்னாள். குடையம்மா சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு தன் மடியில் இருந்த தடித்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள். மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இது உங்க கனவு இல்லையா? எங்களுக்காகச் செஞ்சதான்னு கேக்கறாங்க."

"ஆமா. நீங்க பார்க்க நல்லா இருக்கணும்னு செஞ்சோம். கரையில இருந்த வீட்டையெல்லாம் நான்தான் நகத்தால பிச்சு எடுத்தேன். அதுல என் தங்கச்சி வீடும் ஒண்ணு. அது எங்க தப்பு. அந்தத் தப்பு மேல நீங்க பூங்கா கட்டினா அது உங்க தப்பு."

ஆகட்டும் மைக்கை இழுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. குறைகள் எல்லாத்தையும் தனியா எழுதிக் கொடுங்க, ஆகட்டும், பரிசீலிப்போம். இப்ப விதிப்படி மக்கள் ஒப்புதல் வாங்கிடலாம். வடிகால் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

"வடிகால்னு கேக்காதீங்க சார்," என்றாள் தையலக்கா. "வடிகால் வேணாம்னு எந்தப் பைத்தியம் சொல்லும்? ரிப்போர்ட்டை ஏத்துக்கறீங்களான்னு கேளுங்க. விதி அதுதானே?"

ஆகட்டும் குடையம்மாவைப் பார்த்தார். குடையம்மா தலையை அசைத்தாள். விதி அதுதான்.

"சரி. ரிப்போர்ட்டை ஏத்துக்கறவங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. சாக்கடையைக் கொட்டுவேன் என்றவர் கையை விறைப்பாகத் தூக்கித் தையலக்காவை முறைத்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் நிற்கிறது. அவரைக் குறைசொல்லி என்ன? குழாய்க்காரரின் கை பழக்கதோஷத்தில் தானாகவே மேலே போயிற்று. பாதி வழியில் அவருக்கே அது தெரிந்தது. கீழே கொண்டுவரவும் கூச்சம். அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார். நன்றாக, வெகுநேரம் சொறிந்தார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள், அன்றைக்கு அட்டை ஒட்டிய அத்தனை பேரும், கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

ஆகட்டும் எண்ணப் பார்த்தார். எண்ணுவதற்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை.

"இப்படிப் பண்ணினா வடிகாலும் போயிடும்," என்றார். சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நிக்கத்தான் செய்வோம்," என்றாள் தையலக்கா. "வேற எங்க போறது? வடிகாலும் கேப்போம், கரையையும் கேப்போம். இனிமே ரெண்டையும் சேர்த்துத்தான் கேப்போம்."

குடையம்மா எழுந்தாள். ரிப்போர்ட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மேடையின் விளிம்பு வரைக்கும் வந்து, தையலக்காவைப் பார்த்து நீளமாக எதையோ பேசினாள். நடுப்பொண்ணு கேட்டுக்கொண்டாள். இந்த முறை அவள் குரலில் தயக்கம் இல்லை.

"இதை அனுப்ப மாட்டேன்னு சொல்றாங்க. திரும்ப எழுதணுமாம். கரை எப்படி இருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க, இப்பவே சொல்ல முடியுமான்னு கேக்கறாங்க."

 இத்தனை நாள் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"என்னைக் கேக்காதீங்க. நான் ஒருதடவை பதில் சொன்ன லட்சணத்தைத்தான் பார்த்தீங்களே. அங்க வாழறவங்களைக் கேளுங்க." பின்சுவரைக் காட்டினாள். "அதோ, என் தங்கச்சி."

ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. சின்னவள் சுவரை விட்டு நகரவில்லை. ஒருவர் மைக்கை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினார். நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சொல்லும்மா," என்றார் ஆகட்டும். "சீக்கிரம் சொல்லு. என்ன வேணும் உங்களுக்கு?"

"நாற்காலி வேணும்," என்றாள் சின்னவள்.

"என்ன?"

"உட்கார நாற்காலி வேணும். வந்ததுலேர்ந்து நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருக்கோம். என் வீட்டைப் பத்திப் பேச நிறைய இருக்கு சார். நிக்க வச்சுக் கேட்டு, தலையாட்டிட்டுப் போற விஷயம் இல்ல."

தையலக்கா சட்டென்று மேடைக்கு ஏறினாள். தன் மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள். 'மக்கள் பிரதிநிதி' அட்டை கீழே விழுந்தது; அதைத் தாண்டி வந்தாள். நாற்காலி கனம். மூச்சு வாங்க ஹாலின் நடுவழியே தூக்கிக்கொண்டு போய்த் தங்கையின் முன்னால் வைத்தாள். "இந்தா. உட்காரு."

சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"உன் நாற்காலி எனக்கு வேணாம்க்கா. நீ அதுல உட்காரு. எனக்குன்னு ஒண்ணு போடச் சொல்லு. எங்க வரிசையிலேர்ந்து எத்தனை பேர் வந்திருக்கோமோ அத்தனை போடச் சொல்லு."

ஆகட்டும் சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்த நேரத்துல நாற்காலிக்கு எங்கம்மா போறது? இருக்கறதே இவ்வளவுதான்."

"கீழ் ரூம்ல, லிஃப்டுக்குப் பக்கத்துல, அடுக்கி வச்சிருக்கு. நான்தானே துடைச்சு வச்சேன்."

"அப்ப போய் எடுத்துட்டு வந்துடும்மா, உனக்குத்தான் இடம் தெரியுமே."

சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"நான் எடுக்க மாட்டேன் சார். இன்னைக்கு நான் லீவு."

குடையம்மாவுக்கு நடுப்பொண்ணு அதை மாற்றிச் சொல்லி முடித்தாள்.  முன்வரிசையில் இருந்த கோட்டுக்காரர் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று ஆகட்டுமிடமே கேட்டார்கள். நாற்காலிகள் வருகிறவரைக்கும் கூட்டம் காத்திருந்தது.